சேர்ந்த தேதி

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த மெஸ்ஸில் எல்லாருக்கும் ஒரு பெயர் உண்டு. யாருக்கும் முழுப் பெயர் கிடையாது. வடை மாஸ்டர், மாவு அக்கா, பில்லு தம்பி, பீகார் தம்பி. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார். இருபது வருஷமாக அதில் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

முதலாளிக்கு இப்போது 62 வயது. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 12 வயதில் மதுரைக்கு வந்து டேபிள் துடைத்தவர். இன்றைக்கு 14 வயது நிரம்பாத பிள்ளையை ஹோட்டலில் வேலைக்கு வைத்தால் குற்றம். அவர் காலத்தில் அதுதான் பிழைப்பு. அந்தப் பசி ஞாபகத்தில் இருப்பதால், தன் மெஸ்ஸில் யாரும் அரை வயிறாக நிற்கக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். மூன்று வேளைச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணிமணி, வீட்டில் விசேஷம் என்றால் கையில் பணம். "எம் பிள்ளைகளுக்கும் இவங்களுக்கும் நான் பேதம் பார்த்ததில்ல" என்று சொல்வார். அது பொய்யும் இல்லை.

போன ஆடி மாதம் ஒரு காலையில் வடைச் சட்டி சரிந்தது. மாஸ்டருக்கு வலது முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோனது. முதலாளியே ஆட்டோவில் ஏற்றித் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 38,000 ரூபாய் பில். ஒரு வார்த்தை பேசாமல் கட்டினார். மாஸ்டர் வீட்டில் படுத்திருந்த இரண்டரை மாதமும் பாதிச் சம்பளம் போய்ச் சேர்ந்தது.

கேட்ட எல்லாரும் "இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பாங்க?" என்றார்கள். அவருடைய மருமகள் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பி.காம் படித்தவள். மாலை நேரத்தில் கல்லாவைக் கவனிப்பவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாஸ்டரின் மனைவி வருவாள். பில் கட்டும் கூட்டம் குறையும் வரை பீடா டப்பாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்பாள். சில நாள் அரை மணி நேரம்கூட. முதலாளி நிமிர்ந்து பார்த்ததும், "மருந்து வாங்கணும்ணே" என்று மெல்லிய குரலில் ஆரம்பிப்பாள். அவர் எண்ணாமல் எடுத்துக் கொடுப்பார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பாமல் போய்விடுவாள்.

ஒருநாள்கூட அவர் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால், ஒவ்வொரு வாரமும் அவள் வந்து கேட்க வேண்டியிருந்தது.

மருமகள் இ.எஸ்.ஐ அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். அன்று இரவு கடை அடைத்த பிறகு பேச்சை ஆரம்பித்தாள்.

"மாமா, நம்மகிட்ட எத்தனை பேர் வேலை பார்க்குறாங்க?"

"ஒரு எட்டு ஒன்பது பேர் இருப்பாங்க."

"எண்ணிப் பாருங்களேன்."

விரல் விட்டு எண்ணினார். சாயங்காலம் மட்டும் வரும் பரோட்டா மாஸ்டர், பாத்திரம் கழுவும் இரண்டு பெண்கள் எல்லாரையும் சேர்த்தால் 13 பேர்.

"பத்துப் பேர் ஆயிட்டாலே 15 நாளைக்குள்ள இ.எஸ்.ஐ-ல பதிவு பண்ணியிருக்கணும் மாமா. பின்னால ஆள் குறைஞ்சாலும் அது தொடரும்."

"அதெல்லாம் மில்லுக்கும் ஸ்டார் ஹோட்டலுக்கும்மா. நம்ம மெஸ்ஸுக்கு எதுக்கு?"

அவள் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். மாஸ்டருக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம். 21,000 வரை வாங்குகிறவர்கள் எல்லாரும் இ.எஸ்.ஐ-க்குள் வருவார்கள். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். மொத்தம் 720.

"இந்த 720 ரூபாய் மாசாமாசம் போயிருந்தா, ஆஸ்பத்திரிச் செலவை இ.எஸ்.ஐ பார்த்திருக்கும். வேலையில பட்ட காயம்கிறதால, குணமாகிற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம் அவர் கணக்குக்கே வந்திருக்கும். நாள் ஒன்னுக்கு ஏறக்குறைய 540 ரூபாய். அவர் பொண்டாட்டி பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. அந்த அக்கா இங்க வந்து நின்னுருக்க வேண்டாம்."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "நான் என்னம்மா குறை வெச்சேன்?"

"நீங்க குறை வைக்கல மாமா. ஆனா, நீங்க நல்லவரா இருக்குறதால அவங்களுக்குக் கிடைக்குது. நாளைக்கு உங்களுக்கு ஒன்னு ஆயிட்டா, எனக்கோ உங்க மகனுக்கோ மனசு வரலைன்னா, அப்ப அவங்க எதைக் காட்டிக் கேப்பாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. இளவயதில் ஒரு ஹோட்டலில் 11 வருஷம் சப்ளையராக இருந்தார். அங்கிருந்து கிளம்பிய நாளில் அந்த முதலாளி ஒரு வேட்டி துண்டும் 100 ரூபாயும் கொடுத்து, "நல்லா இரு" என்று அனுப்பினார். அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தார். கேட்க ஏதாவது இருந்தது என்பதே அப்போது தெரியாது. யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை அவரே ஆரம்பித்தார். "வேற என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லிரு."

அவள் சொன்னாள். ஹோட்டல்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-லிருந்து உணவு நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேர வேலை. வாரம் ஒருநாள் விடுமுறை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஹோட்டல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை அரசு தனியாக அறிவிக்கிறது. அதன் பஞ்சப்படி ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். 10 பேர் இருந்தாலே கிராஜுவிட்டி உண்டு. 20 பேர் ஆனால் பி.எஃப் கட்டாயம். 29 மத்திய சட்டங்களை ஒன்றாக்கி, 2025 நவம்பர் 21-ல் நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி எல்லாத் தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும்.

"சரி, முதல்ல கடிதத்தை எழுது" என்றார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. கடிதத்தில் முழுப் பெயர் வேண்டும், அப்பா பெயர் வேண்டும், பிறந்த தேதி வேண்டும். ஒவ்வொருவராக ஆதார் அட்டையோடு வந்து நின்றார்கள். மாவு அக்காவின் பெயர் ராஜேஸ்வரி என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. 'பீகார் தம்பி'யின் ஊர் ஒடிசாவில் இருந்தது. நான்கு வருஷமாக அவன் அதைத் திருத்தவே இல்லை.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கல முதலாளி."

கடைசியாக ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. வேலையில் சேர்ந்த தேதி.

பழக்கமான ஒருவர் கல்லாவில் காபி குடித்துக்கொண்டே யோசனை சொன்னார். "எல்லாருக்கும் இன்னிக்குத் தேதியைப் போட்டுருங்கண்ணே. இங்க ரிஜிஸ்டரா இருக்கு, யாரு பார்க்கப் போறா? பழைய தேதியப் போட்டீங்கன்னா கிராஜுவிட்டி கழுத்தப் பிடிக்கும். பழைய பாக்கி, வட்டின்னு இ.எஸ்.ஐ-காரனும் வருவான்."

அவர் சொன்ன கணக்கு சரிதான். கிராஜுவிட்டி என்றால் ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். ஐந்து வருஷம் முடித்தவர் வேலையை விட்டு நிற்கும்போது கொடுக்க வேண்டும். இறந்துபோனாலோ உடல் முடங்கினாலோ அந்த ஐந்து வருஷக் கணக்கும் இல்லை. வடை மாஸ்டருக்கு 15 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 1,55,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இன்றைய தேதியைப் போட்டால் பூஜ்யம். பேனா ஒன்றுதான், தேதிதான் வேறு.

மருமகள் ஒன்றும் சொல்லாமல் மாமனாரைப் பார்த்தாள்.

முதலாளி வெகுநேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அழகர் ஆத்துல இறங்குன மறுநாள் வந்தான். கூட்டத்துல செருப்பத் தொலைச்சுட்டு வெறுங்காலோட நின்னான். நான்தான் இலை போட்டுச் சாப்பிடச் சொன்னேன். சாயங்காலமே சட்டி முன்னால நின்னுட்டான். அந்த வருஷம் சித்திரைத் திருவிழா என்னிக்குன்னு பாரும்மா."

அவள் போனில் தேடிச் சொன்னாள். அவர் தன் கையாலேயே எழுதினார்.

மற்றவர்களுக்கும் அப்படித்தான் தேதி கிடைத்தது. ராஜேஸ்வரி சேர்ந்தது முதலாளியின் மூத்த பேத்தி பிறந்த வாரம். பில்லு தம்பி வந்தது ஊரடங்கு முடிந்து மெஸ்ஸைத் திறந்த நாள். யார் எப்போது வந்தார்கள் என்பது அவருக்கு எப்போதுமே தெரியும். எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

செலவு வரத்தான் செய்தது. இ.எஸ்.ஐ பழைய பாக்கியை 12 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும். வேலை நேரத்தைப் பிரித்ததில் புதிதாக இரண்டு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. தோசை ஐந்து ரூபாய் ஏறியது. வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் முணுமுணுத்தார்கள். முதலாளியும் ராத்திரி கணக்கு நோட்டை மூடும்போது பெருமூச்சு விட்டார். அதை அவர் மறைக்கவில்லை.

கை ஆறி மாஸ்டர் எப்போதோ வேலைக்குத் திரும்பியிருந்தார். கடிதத்தைக் கொடுத்தபோது கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பெயரைப் படித்தார், அப்பா பெயரைப் படித்தார். தேதிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"அன்னிக்குச் சாம்பார் சாதம் போட்டீங்க முதலாளி" என்றார். அதற்கு மேல் இரண்டு பேருமே பேசவில்லை.

இப்போது சமையற்கட்டுச் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. யாருக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று அதில் எழுதியிருக்கிறது, முழுப் பெயரோடு.

போன செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் இலையில் பொங்கலைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"என்னப்பா, வடை எங்க? பதினஞ்சு வருஷத்துல இந்த மெஸ்ஸுல வடை இல்லாத காலைய நான் பார்த்ததில்லையே!"

கல்லாவிலிருந்து முதலாளி சில்லறையை எண்ணியபடியே பதில் சொன்னார்.

"மாஸ்டருக்கு இன்னிக்கு லீவுங்க."