ஒன்பதாவது மாடியில் இருபது சிசுக்கள்

2011, ஆகஸ்ட்

ஐரீன் புயல் நியூயார்க்கை நெருங்குகிறது. மன்ஹாட்டனில், கிழக்கு நதியை ஒட்டியுள்ள என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனை நோயாளிகளை முன்கூட்டியே வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மின்சாரம் இருக்கிறது, லிஃப்ட் ஓடுகிறது. யாரை முதலில் அனுப்புவது, கூட யார் போவது, கையோடு எந்தெந்த மருந்து போக வேண்டும் என்பதெல்லாம் செவிலியர்களுக்கு அனுபவப் பாடமாகிறது.

2012, அக்டோபர் 28, ஞாயிறு

இப்போது வருவது சாண்டி புயல். தாழ்வான பகுதிகளில் வசிக்கும் சுமார் 3,75,000 பேர் வெளியேற வேண்டும் என்று மேயர் மைக்கேல் புளூம்பெர்க் உத்தரவிடுகிறார். மாலை 7 மணிக்குச் சுரங்க ரயில்கள் நிறுத்தப்படுகின்றன. மருத்துவமனைகளுக்கு மட்டும் அந்த உத்தரவு இல்லை. லாங்கோனில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகள் தங்குகிறார்கள்.

அக்டோபர் 29, திங்கள் இரவு

பௌர்ணமி நாளின் கடல் ஏற்றமும் புயலும் சேர்ந்துகொள்கின்றன. மன்ஹாட்டனின் தென்முனையில் கடல் மட்டம் ஏறத்தாழ 14 அடியை எட்டுகிறது. மருத்துவமனையின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து, ஜெனரேட்டர்களும் கைவிடுகின்றன.

ஒன்பதாவது மாடியில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 20 சிசுக்கள். நான்கு பேர் செயற்கைச் சுவாசத்தில்.

இனி செவிலியரின் விரல்கள்தான் வெண்டிலேட்டர். பிறந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை மூச்சு கொடுக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஆம்பு பையை அந்தக் கணக்கில் அழுத்த வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் பிஞ்சு நுரையீரல் தாங்காது. இருட்டில், படிக்கட்டில் நடந்துகொண்டே இதைச் செய்கிறார்கள். ஒருவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ள, ஆக்சிஜன், சொட்டு மருந்து, மானிட்டர் ஆகியவற்றைச் சுமந்தபடி மற்றவர்கள் சுற்றி வருகிறார்கள். வழிகாட்ட டார்ச்சும் செல்போன் வெளிச்சமும்தான். கீழே ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

அக்டோபர் 30, செவ்வாய்

பெரியவர்களைச் சறுக்குப் படுக்கைகளில் கட்டிப் படிப்படியாக இறக்குகிறார்கள். அன்று பகலில் பணி முடிகிறது. இந்த இடமாற்றத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அக்டோபர் 31, புதன்

பக்கத்திலேயே, 1736-இல் தொடங்கிய பெல்வியூ மருத்துவமனை. அங்கே ஜெனரேட்டர்கள் 13-ஆவது மாடியில் இருக்கின்றன. எரிபொருள் பம்புகளோ அடித்தளத்தில் மூழ்கிவிட்டன. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் கைமாற்றிக் கைமாற்றி எரிபொருளை மேலேற்றியும் கட்டடம் தாக்குப்பிடிக்கவில்லை. 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாகிறது.

2013, பிப்ரவரி 12

நாடாளுமன்றத்தில் அதிபர் ஒபாமாவின் ஆண்டு உரை. மிஷேல் ஒபாமாவின் விருந்தினராக அமர்ந்திருப்பவர் லாங்கோன் செவிலியர் மென்ச்சு சான்செஸ், பிலிப்பைன்ஸில் பிறந்தவர். தன் வீட்டில் வெள்ளம் புகுந்துகொண்டிருந்த இரவில், அந்த 20 குழந்தைகளையும் காப்பாற்ற அவர் வகுத்த திட்டத்தை ஒபாமா அவையில் பாராட்டுகிறார்.

அந்தக் கைதட்டல் நியாயமானது. ஆனால் அது திட்டமிடும் அறைக்குள்ளும் எட்ட வேண்டும். பன்னாட்டுச் செவிலியர் பேரவையும் உலக சுகாதார நிறுவனமும் 2009-இல் வெளியிட்ட பேரிடர்ச் செவிலியத் திறன் வரையறையில் தடுப்பு, ஆயத்தம், மீட்சி ஆகியவையும் செவிலியரின் பணிகளாகவே இடம்பெற்றுள்ளன. எரிபொருள் பம்பை எங்கே வைப்பது என்று மருத்துவமனை நிர்வாகம் கூடிப் பேசும்போது, இரவுப் பணிச் செவிலியர் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். வெளியேற்ற ஒத்திகையையும் லிஃப்டை நிறுத்தி, விளக்கை அணைத்து, ஆள் குறைவான இரவுப் பணி நேரத்தில் நடத்த வேண்டும்.