சாமி குடுத்த நம்பர்

திருவிழா முடிஞ்சதுல இருந்து தொண்டூழியர்கள் எங்ககிட்ட ஒரே கேள்வி: "இந்த வருசம் மொத்தம் எத்தனை பால்குடம்?" கோயில் கணக்குக்குன்னு நெனைச்சிடாதீங்க. ஏக்கோர் எடுக்கத்தான்!

கோலசிலாங்கூர் தோட்டப்புறக் கோயில்கள்ல இது பழைய பழக்கம். சாமி ஆடுறவங்க சொன்ன நம்பர், கனவு, கவிழ்ந்த லோரியோட பிளேட் நம்பர், எல்லாம் கடைக்குப் போயிடும். எடுக்கிறது அவங்கவங்க விருப்பம். ஆனா "சாமி குடுத்துச்சு"ன்னு வீட்டுச் செலவுக் காசையும் சேர்த்துக் கட்டுறதப் பார்க்கையில மனசு கேக்கல. நாங்க படிச்சது ஐந்தாம் பாரம்தான். ஆனா பேக்டரியில பத்தாயிரத்துக்கு எத்தனை ரிஜெக்ட்னு எண்ணுறதே எங்க பொழப்பு.

0000 முதல் 9999 வரைக்கும் 10,000 நம்பர். ஒரு குலுக்கலுக்குப் பரிசு 23. 'பெரிசு' 1 வெள்ளி கட்டினா முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூணாவது 500. ஸ்பெஷல் பத்துக்குத் தலா 180, ஆறுதல் பத்துக்குத் தலா 60. சரி, 10,000 நம்பரையும் நாமளே வாங்கிட்டோம்னு வைங்க. செலவு 10,000 வெள்ளி. 23 பரிசும் நமக்கே. கூட்டிப் பாருங்க, 6,400 தான் வரும். அதாவது வெள்ளிக்கு 64 சென்.

"அப்புறம் எப்படிங்க ஒவ்வொரு திருவிழாவுக்கும் யாருக்காச்சும் அடிக்குது?" நல்ல கேள்வி. 200 பேர் ஆளுக்கொரு நம்பர், வேற வேறயா எடுக்கிறாங்க. 200 × 23 ÷ 10,000 = 4.6. சாமி ஒண்ணுமே சொல்லலன்னாலும் சராசரியா நாலஞ்சு பேருக்கு ஏதோ ஒண்ணு அடிக்கத்தான் செய்யும். அவங்க அர்ச்சனை பண்ணி ஊரெல்லாம் சொல்வாங்க. அடிக்காத 195 பேர் வாயத் திறக்கிறதே இல்ல. எல்லாரும் ஒரே பால்குட நம்பரை எடுத்தா கதை வேற. 435 தடவைக்கு ஒரு தடவைதான் அது ஏதாவது ஒரு பரிசுல விழும். மத்த நாளெல்லாம் ஊரே சேர்ந்து தோக்கணும்.

"இந்த நம்பர் ரொம்ப நாளா வரல, இனி வந்தே ஆகணும்"னு சிலர் சொல்றாங்க. உருளுற பந்துக்குப் போன வாரம் ஞாபகம் இருக்காதுங்க.

1234-ஐ மாத்தி மாத்திப் போட்டா 4×3×2×1, 24 நம்பர். 1123 மாதிரி ஒரு ஜோடி இருந்தா 12. வாய்ப்பு 24 மடங்கு ஏறும், காசும் 24 மடங்கு ஏறும். அந்த 64 சென் அப்படியேதான் நிக்கும். நம்பிக்கை வரலன்னா வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் அன்னதானக் கூடத்துக்கு வாங்க, பேப்பர் பேனாவோட உக்காந்து போட்டுக் காட்டுறோம்.