வெள்ளிக்கிழமை காலைத் தேர்வு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால், பிரெஞ்சு ஏடுகளில் கார் பந்தயச் செய்திகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படி அறிமுகமானவர் ஜெர்மனியின் பெர்ன்ட் ஷ்னைடர்.

1989-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு ஏகப்பட்ட கார்கள் வந்தன. அதனால் சிறிய அணிகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேர முன்தேர்வு வைத்தார்கள். 13 கார்களில் 4 தேறும். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஷ்னைடர் அந்த ஆண்டு 16 முறை போய் 14 முறை தேறவில்லை. ஸாக்ஸ்பீட் காருக்கு வாய்த்த யமஹா எஞ்சின் அப்படி. அதே அணியின் அகுரி சுசூகி 16 முறையும் தேறவில்லை!

அந்தக் காலத்தில்தான் நானும் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் மூன்றாம் முறையாகத் தோற்றிருந்தேன். ஆகவே, முகம் பார்க்காமலேயே அவர் எனக்கு வேண்டியவராகிவிட்டார்.

பிறகு அவர் மெர்சிடிஸ் அணியில் சேர்ந்து, சாலையில் ஓடும் கார்களின் சாயலில் உள்ள வண்டிகளுக்கான டி.டி.எம். பந்தயத்துக்குப் போனார். 1995, 2000, 2001, 2003, 2006 என ஐந்து முறை சாம்பியன். 2008-இல் அதிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும் 2013-இல், 48 வயதில், நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற அணியில் அவரும் ஒருவர்.

கேள்வித்தாள் கடினம் என்றே வீட்டில் இத்தனை வருடம் சொல்லி வந்தேன். அவருக்கு எஞ்சின் சரியில்லை. எனக்கு எஞ்சினில் குறையில்லை. நான்காம் முறை வண்டியைக் கிளப்பாதது நான்தான்.