ஒற்றை ஸ்பேடும் மூன்று பொய்களும்!

பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பா கிளப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடிய ஜோடி அது. "பார்ட்னர் இல்லாம போய் யார் முன்னாடி உக்கார்றது?" என்பார். ஒரு நாள் வாய் தவறி, "நான் வர்றேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் ரம்மியும் கழுதையும்தான்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் டே சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வாங்கியபோது, 'சீட்டாட்டத்துக்கெல்லாம் மெடலா?' என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இப்போது அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நான்கு பேர், ஆளுக்கு 13 சீட்டு. எதிரில் இருப்பவர் உங்கள் பார்ட்னர். முதலில் ஏலம், பிறகுதான் ஆட்டம். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று புள்ளி. பன்னிரண்டு, பதிமூன்று புள்ளி தேறினால் ஏலத்தைத் தொடங்கலாம். உங்கள் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கை 63,501 கோடிக்கும் மேல். அதைப் பார்ட்னருக்குச் சொல்ல, பாஸ், டபுள், ரீடபுளைச் சேர்த்தே மொத்தம் 38 வார்த்தைகள்தான். கண்ணசைவு, பெருமூச்சு, இருமல் எதுவும் கூடாது.

முதல் ஏலம் கேட்பது சுலபம். பார்ட்னர் பதில் சொன்ன பிறகு நாம் இரண்டாவது முறை வாய் திறக்கிறோமே, அந்த 'ரீபிட்'டில்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

நான் கிளப்புக்குப் போன மூன்றாவது வாரம் வந்த கை இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ஸ்பேடில் ஒரே ஒரு 9. ஹார்ட்டில் ராஜா, ராணி, 7, 4. டைமண்டில் ஏஸ், 6, 3. கிளப்பில் ராஜா, ஜாக்கி, 8, 5, 2. மொத்தம் 13 புள்ளி. 'ஒரு கிளப்' என்று திறந்தேன். பெரியப்பா 'ஒரு ஸ்பேட்' என்றார். என்னிடம் இல்லாத ஒரே சாதி!

இனி நான் எதைச் சொன்னாலும் பொய். 'இரண்டு கிளப்' என்றால் என்னிடம் ஆறு கிளப் இருப்பதாக அர்த்தம், இருப்பதோ ஐந்து. 'ஒரு நோ டிரம்ப்' என்றால் நான்கு சாதியும் சமமாக, ஸ்பேடும் குறைந்தது இரண்டு இருப்பதாக அவர் நினைப்பார். 'இரண்டு ஹார்ட்' என்றால் நான்கு ஹார்ட் இருப்பது என்னவோ உண்மை. ஆனால் அது அவருக்குப் பிடிக்காமல் கிளப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் மூன்றாவது படிக்கு ஏற வேண்டும். அவ்வளவு உயரத்துக்குப் பார்ட்னரை இழுக்க 16, 17 புள்ளியாவது கையில் வேண்டும். இதை 'ரிவர்ஸ்' என்பார்கள்.

ஹார்ட் ராஜாவும் ராணியும் ஜோடியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். 'இரண்டு ஹார்ட்' அட்டையை எடுத்து வைத்தேன்.

பெரியப்பா கையில் 9 புள்ளி. என்னிடம் 16 இருப்பதாக நம்பி, கூட்டினால் 25 என்று 'மூன்று நோ டிரம்ப்' போனார். ஒன்பது ட்ரிக் எடுத்தாக வேண்டும். முதல் சீட்டு இறங்கியதும் நான் என் கையை மேசையில் எல்லோரும் பார்க்க விரித்து வைக்க வேண்டும். அதுதான் விதி. விரித்தேன். அவர் கண் ஒரு தடவை இடமிருந்து வலமாகப் போனது. மறுபடியும் போனது. "தேங்க் யூ, பார்ட்னர்" என்றார். ஏழு ட்ரிக்தான் வந்தது.

அன்று சாயங்காலம் காரில் அவர் ஒன்றும் பேசவில்லை. சிக்னலில் நிற்கும்போது நானே, "ஸாரி பெரியப்பா, எதைச் சொன்னாலும் பொய்யாத்தானே இருந்துது?" என்றேன்.

"பொய் சொல்லு கண்ணா. அந்தக் கைக்கு வேற வழி இல்ல. ஆனா நீளத்துல ஒரு சீட்டு கூட்டிச் சொல்லு, பலத்துல மூணு புள்ளி கூட்டிச் சொல்லாத. அஞ்சு கிளப்பை ஆறுன்னு சொல்லியிருந்தா நான் பேசாம பாஸ் பண்ணியிருப்பேன்."

சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "உங்க பெரியம்மா அந்தக் கையில ஒரு நோ டிரம்ப்தான் சொல்லுவா. நானும் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பாத்துட்டேன். கடைசியில, அவ நோ டிரம்ப் சொன்னா என் சாதியில ஒத்தச் சீட்டுதான் இருக்கும்னு எனக்கே பழகிப்போச்சு. அவ பொய் எனக்குப் பழக்கம். உன் பொய் இன்னும் பழகல" என்றார்.

"அப்படி ரகசியமா தெரிஞ்சு வெச்சுக்கலாமா?"

"ரகசியம் என்ன? எதிராளிகிட்ட சொல்லிடணும். எல்லா டேபிள்லயும் சொல்லியிருக்கேன். அவளுக்குத்தான் கோபம் வரும்."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்த ஏலங்கள் எல்லாம் பெரியம்மாவின் பொடிக் கையெழுத்தில் இருந்தன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பெரியப்பாவின் கோணல் எழுத்து: 'ஒரு நோ டிரம்ப், ஒத்தச் சீட்டு இருக்கலாம்.' பக்கத்தில் பெரியம்மா ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தார்.

பெரியப்பா நோட்டைப் புரட்டி ஒரு வெற்றுப் பக்கத்துக்குப் போனார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, "நம்ம எதை வெச்சுக்கலாம்? ரெண்டு கிளப்பா, ஒரு நோ டிரம்ப்பா?" என்று கேட்டார்.

"ரெண்டு கிளப், பெரியப்பா."

எழுதிக்கொண்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்.