தொடலாமா, சார்?

அப்பாவின் பாதங்களைத் தொட்டு வணங்கியிருக்கிறோம். பொங்கலன்று, தேர்வுக்குப் புறப்படும் காலைகளில், மணமேடையில். அவருடைய கையைப் பிடித்ததாக எங்கள் மூவரில் எவருக்கும் நினைவில்லை. 36 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர், வீட்டிலும் ஆசிரியராகவே இருந்தார். 2017 ஐப்பசியில் மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, வலக்கையும் வலக்காலும் பேச்சும் ஒரே இரவில் அவரைவிட்டுப் போயின. அதன் பிறகுதான் அந்தக் கையை நாங்கள் தொட நேர்ந்தது.

வாரத்தில் மூன்று நாட்கள் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தார். மற்ற நாட்களில் செய்ய வேண்டியதை எங்களுக்குக் கற்றுத் தந்தார். வீக்கம் வடிய, விரல் நுனியிலிருந்து தோளை நோக்கி நீவ வேண்டும். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் எலும்பு தன் எடையாலேயே கிண்ணத்திலிருந்து நழுவக்கூடும். இறுகிய முழங்கையை மெதுவாகத்தான் நீட்ட வேண்டும். வேகமாக நீட்டினால் தசை எதிர்த்து இன்னும் இறுகும்.

இந்த விதிகள் எங்களுக்குப் பிடித்திருந்தன. விதிகள் இருக்குமிடத்தில் கூச்சத்துக்கு வேலையில்லை அல்லவா? சுவரில் அட்டவணை ஒட்டினோம். கைப்பேசியில் மணி வைத்தோம். முறை தவறாமல் செய்தோம். ஆனாலும் எங்கள் விரல்கள் பட்டதும் விறைத்துக்கொண்ட கை, அந்த இளைஞரிடம் மட்டும் நெகிழ்ந்து கொடுத்தது. கைப்பழக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஒருநாள் எங்களைச் செய்யச் சொல்லி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரியாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் மூன்று பேரும் கையையே பார்க்கிறீர்கள். சார் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை" என்றார். பிறகு தன் உள்ளங்கைகளைச் சூடேற உரசிக்கொண்டு, அப்பாவின் பார்வையில் படும்படி அமர்ந்து கேட்டார்: "சார், தோளைத் தொடலாமா?" காத்திருந்தார். வெகுநேரம் கழித்து "ம்" என்றொரு ஒலி வந்தது. அதன் பிறகே அவர் கை அப்பாவின் மேல் பட்டது. நோயில் விழுந்த நாளிலிருந்து அப்பாவிடம் நாங்கள் எதையுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றையும் அவருக்காக நாங்களே முடிவு செய்துகொண்டிருந்தோம்.

இது மரியாதை சார்ந்த செய்தி மட்டுமன்று. வலியும் குளிரும் பதற்றமும் விறைப்பைக் கூட்டும். 1990களில் சுவீடன் ஆய்வாளர்கள் மனிதத் தோலின் முடியுள்ள பகுதிகளில் ஒருவகை மெல்லிய நரம்பிழைகளை ஆராய்ந்தார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான நிதானமான வருடலுக்கே அவை மிகுதியாகக் கிளர்கின்றன என்றும், தொடும் பொருள் தோலின் இளஞ்சூட்டில் இருப்பதையே அவை விரும்புகின்றன என்றும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஏறக்குறைய ஒரு தாயின் கை. இதைப் படித்தபோது, உரசிக்கொண்ட அந்த உள்ளங்கைகளை நினைத்துக்கொண்டோம். எங்கள் அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை.

அப்படியானால் அன்பு ஒன்றே போதும் என்று எழுதி முடித்துவிடலாம். எங்கள் அனுபவம் அதற்கு இடந்தரவில்லை.

கார்த்திகையில் ஊரிலிருந்து அத்தை வந்தார். அண்ணனின் அருகில் அமர்ந்து, வாய்க்காலில் மீன் பிடித்த கதைகளைச் சொல்லிக்கொண்டே தலையைக் கோதிவிட்டார். அப்பா சிரித்தார். நாங்கள் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் வலது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சி, அழுத்திப் பிசைய உட்கார்ந்தார். அது பிசியோதெரபிஸ்ட் வரும் நாளாக அமைந்தது எங்கள் நல்லூழ். வாசலிலிருந்தே "அம்மா, வேண்டாம்" என்று கூவி ஓடிவந்து அவர் கையைப் பற்றினார். அன்று மாலை ஸ்கேனில் இரத்த உறைவு தெரிந்தது. பிசைந்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். உறைவுக்கு மருந்து தொடங்கினார்கள்.

அத்தை அதன் பிறகு கட்டிலின் பக்கமே வரவில்லை. சமையலறையில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த முறை வந்த இளைஞர் நேரே அங்கே போனார். "கால் என் பொறுப்பு அம்மா. கை உங்களுடையது. வாருங்கள், காட்டித் தருகிறேன்" என்று அழைத்து வந்து, முழங்கைக்கு அடியில் எப்படித் தாங்குவது, எங்கே அழுத்தக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கற்பித்தார். "மீன் பிடித்த கதையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்றும் சொன்னார். அந்தக் கதையை அவர் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டதாகவே நாங்கள் புரிந்துகொண்டோம்.

தை மாதத்தில் ஒரு மாலை. மணி அடித்தது. உள்ளங்கைகளை உரசிக்கொண்டு, முகத்தைப் பார்த்து, "அப்பா, கையைத் தொடலாமா?" என்று கேட்டோம்.

"வேண்டாம்" என்றார்.

மூன்று மாதங்களில் அவர் பேசிய முதல் முழுச் சொல். நாங்கள் கைகளை எடுத்துக்கொண்டோம். அத்தை அழுதார். அப்பா, வகுப்பில் யாரோ சரியான விடை சொல்லிவிட்டதைப்போல எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். வலக்கை கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை. அந்த அட்டவணையை இன்னும் வைத்திருக்கிறோம். அன்றைய கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.