தாலிடோமைட்டும் ஒரு சிவப்பு பெயிண்ட் குறியும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்ல யாராவது லெனலிடோமைட் கேப்ஸ்யூல் சாப்பிடறாங்கன்னா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

ரத்தப் புற்றுநோய்ல மல்டிபிள் மைலோமான்னு ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில இருக்கிற பிளாஸ்மா செல்கள் கட்டுப்பாடில்லாம பெருகும். விடாத முதுகு வலி, ரத்தசோகை, ஏறிக்கிட்டே போற கிரியேட்டினின், இப்படித்தான் பெரும்பாலும் எங்ககிட்ட வந்து சேருவாங்க. இதுக்கு நாங்க எழுதற முக்கியமான மருந்துகள்ல ஒண்ணு லெனலிடோமைட். வாங்கிட்டுப் போன நாலாவது நாள் போன் வரும். "டாக்டர், இணையத்துல தேடிப் பார்த்தோம். இது தாலிடோமைட் குடும்பமாமே? குழந்தைங்க கை கால் இல்லாம பிறந்துச்சே, அந்த மருந்தா?"

ஆமா. அந்தக் குடும்பம்தான். மறைக்க ஒண்ணும் இல்லை.

1957ல மேற்கு ஜெர்மனியில தூக்க மாத்திரையா விற்பனைக்கு வந்தது தாலிடோமைட். மருத்துவர் சீட்டு கூட வேண்டாம். கர்ப்பிணிகள் வாந்திக்கும் சாப்பிட்டாங்க. 1961 கடைசியில திரும்பப் பெறுறதுக்குள்ள 10,000க்கும் மேல குழந்தைகள் பாதிப்போட பிறந்துட்டாங்க. அமெரிக்காவுல பிரான்சிஸ் கெல்சின்னு ஒரு அதிகாரி "பாதுகாப்புக்கு ஆதாரம் போதாது"ன்னு கையெழுத்துப் போட மறுத்ததால அந்த நாடு பெருமளவு தப்பிச்சது.

அதே மருந்தை 1999ல அமெரிக்காவின் ஆர்கன்சா மருத்துவர்கள் 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. பெரும்பாலும் எல்லா சிகிச்சையும் தோத்துப் போனவங்க. அதுல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு நோய் அடங்குச்சு. ஏன்னு அப்போ யாருக்கும் தெரியாது!

இங்கதான் நம்ம செல்லுக்குள்ள போகணும்.

ரோடு அகலப்படுத்தறப்போ இடிக்க வேண்டிய வீட்டுச் சுவத்துல சிவப்பு பெயிண்ட்ல குறி போட்டுட்டுப் போவாங்க, பார்த்திருப்பீங்க. அப்புறம் ஜேசிபி வரும். செல்லுக்குள்ளயும் அதே கதைதான். வேலை முடிஞ்ச புரதத்து மேல யுபிக்விட்டின்னு ஒரு குட்டிப் புரதத்தை ஒட்டுவாங்க. அதான் சிவப்புக் குறி. புரோட்டியசோம்னு ஒரு அமைப்பு வந்து குறி போட்டதை நொறுக்கிடும். இதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2004ல வேதியியல் நோபல். எதுக்குக் குறி போடணும்னு ஆள் பார்த்து முடிவு பண்றவை லைகேஸ் நொதிகள். நம்ம உடம்புல 600 வகைக்கு மேல இருக்கு. இந்த சர்வேயர் சரியா இருக்கிற வரைக்கும் செல் சரியா இருக்கும்.

2010ல ஜப்பான்ல ஹாண்டாவோட குழு தாலிடோமைட்டை நுண்ணிய மணிகள்ல ஒட்டவெச்சு, செல் சாறுக்குள்ள தூண்டில் மாதிரி போட்டாங்க. மாட்டுனது செரிப்ளான். ஒரு லைகேஸ் நொதியோட அங்கம், ஆள் பார்க்கிற கண்ணு அதுதான். மருந்து அதுல போய் உட்கார்ந்ததும் சர்வேயர் கையில இருக்கிற லிஸ்ட் மாறிடுது. இடிக்க வேண்டாத வீட்டுக்கெல்லாம் குறி விழுது.

2014ல பாஸ்டன்ல இரண்டு குழுக்கள் அந்தப் புது லிஸ்ட்ல யார் இருக்காங்கன்னு காட்டுனாங்க: இக்காரோஸ், ஐயோலோஸ். மைலோமா செல் உயிரோட இருக்க இந்த இரண்டு புரதமும் வேணும். அது போனா செல் போச்சு. 2018ல இன்னொரு பேர் வெளிய வந்தது, சால்4. கருவுல கை கால் உருவாக வேண்டிய புரதம். எலிகளோட செரிப்ளான்லயும் சால்4லயும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கிறதால எலிக் குட்டிகளுக்கு ஒண்ணும் ஆகாது. எலியை மட்டும் நம்பினா ஏமாந்துதான் போகணும். எனக்கு இது படிக்கும்போதே வயித்தைப் பிசைஞ்சது.

ஆக, மருந்து செய்யற வேலை ஒண்ணுதான். யார் உடம்புல, எந்த வயசுலங்கிறதுதான் வித்தியாசம்.

சமீபத்துல ஒரு மருமகள் ஸ்ட்ரிப்போட வந்தாங்க. "டாக்டர், படிச்சதுல இருந்து இரண்டு நாளா அத்தைக்குக் கொடுக்கல. பயமா இருக்கு." அத்தைக்கு அறுபதைத் தாண்டியாச்சு. அவங்களுக்கு அந்த ஆபத்து இல்லைன்னு சொல்லிட்டு, யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறீங்கன்னு கேட்டேன். "நான்தான். அத்தைக்கு முழுங்க வராது, பிரிச்சு மோர்ல கலக்கிடுவேன்."

கல்யாணமாகி எட்டு மாசம். நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேட்டதும் முகம் மாறிடுச்சு. கரு உருவாகி 3லேர்ந்து 5 வாரத்துக்குள்ளதான் கை கால் அரும்பும், பல பேருக்கு அப்போ கர்ப்பம்னே தெரியாது. உடனே டெஸ்ட் பண்ணச் சொன்னோம். நெகட்டிவ். அன்னிலேர்ந்து மாமனார்தான் எடுத்துக் கொடுக்கிறார், பிரிக்காம. அத்தை முழுங்கப் பழகிட்டாங்க, தயிர் சாதத்தோட!

உங்க வீட்லயும் இந்த மருந்து இருந்தா: கேப்ஸ்யூலைப் பிரிக்காதீங்க. முழுங்க முடியலன்னா எங்ககிட்ட சொல்லுங்க. கர்ப்பிணிகளும், கர்ப்பமாக வாய்ப்பு இருக்கிறவங்களும் தொட வேண்டாம். சாப்பிடற ஆண்கள் ஆணுறை போட்டே ஆகணும், மருந்து விந்துலயும் இருக்கும். மருந்து நிறுத்தி 4 வாரம் ஆகும் வரை ரத்த தானம் கூடாது. பயந்து நீங்களா நிறுத்தாதீங்க, போன் பண்ணுங்க. மீந்த கேப்ஸ்யூலைக் குப்பையில போடாம அடுத்த விசிட்டுக்கு எடுத்துட்டு வாங்க.