வாய் திறக்காத பிள்ளையும் சிங்கப்பூர் வாப்பாவும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை மூண்டுவிடும். மதிப்பெண் குறைந்துபோய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் கிடக்கிற பையனை என்ன செய்வது? "நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டா சரியாயிடுவான்" என்பார் ஊரிலிருக்கும் மாமா. "கவுன்சிலிங் கூட்டிட்டுப் போங்க மச்சான், காசு நான் அனுப்புறேன்" என்பார் சிங்கப்பூரிலிருக்கும் வாப்பா. "நம்மளையெல்லாம் எந்தக் கவுன்சிலர் வளத்தாரு?" என்று மூன்றாமவர் குரல் பதிவு போடுவார். பையன் என்ன சொல்கிறான் என்ற கேள்வி மட்டும் குழுவுக்குள் வரவே வராது.

வாப்பாவின் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அவர் பிழைக்கப் போன நாட்டில் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் குறைந்தது ஒரு ஆலோசகர் இருக்கிறார். அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றையும் அந்த நாடு செய்தது. அங்குள்ள மனநல மருத்துவமனைக்கு 'உட்பிரிட்ஜ்' என்ற பழைய பெயர். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றால் எப்படியோ, அங்கே உட்பிரிட்ஜ் என்றால் அப்படி. எந்த இளைஞனும் அந்த வாசலை மிதிக்க மாட்டான். இப்போது மனநலக் கழகம் எனப்படும் அந்த மருத்துவமனை 2009இல் 'சாட்' என்ற சேவையைத் தொடங்கி, பிறகு அதன் கதவை ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் இளவட்டங்கள் கூடும் ஸ்கேப் வணிக வளாகத்தில் திறந்தது. 16 முதல் 30 வயதுக்காரர்கள் தாமாகவே போகலாம், மதிப்பீட்டுக்குக் கட்டணமில்லை. பிள்ளை மருத்துவமனைக்கு வரமாட்டான் என்றால், அவன் சுற்றுகிற இடத்துக்கு மருத்துவமனை போனது. புலம்பெயர்ந்தவர்கள் ரயிலையும் தெருச் சுத்தத்தையும் புகழ்ந்தது போதும். புகழ வேண்டியது இதைத்தான்.

உள்ளே நடப்பதும் நம்மவர்கள் நினைப்பது போலில்லை. தேர்ந்த ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே கணக்கைத் தெளிவாக்கிவிடுவார்: உயிருக்கு ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்வேன், மற்றதெல்லாம் இந்த அறையோடு. வர விருப்பமில்லாதவனிடம் அவர் வாதாடுவதில்லை. "உன்னை இழுத்துட்டு வந்திருக்காங்க, சரி. அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?" என்பார். பையன் முதலில் வாப்பாவைப் பற்றித்தான் பேசுவான்; பேசட்டும். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் குடிநோயாளிகளுக்காக எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறையின் சாரமும் இதுதான். மறுப்பை எதிர்த்துத் தள்ளத் தள்ள அது இறுகும். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் ஊமையாகிறவன், கேரம் ஆடிக்கொண்டோ பக்கத்தில் நடந்துகொண்டோ இருந்தால் தானே வாய் திறப்பான்.

இதற்காகச் சிங்கப்பூரைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. 12 வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்ற பெயரில் குழந்தையைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிற நாடும் அதுதான். அடங்காத பிள்ளைமீது பெற்றோரே இளையர் நீதிமன்றத்தில் மனுப்போடும் வழியும் அங்கே உண்டு. 2020இல் அதற்குக் 'குடும்ப வழிகாட்டல் ஆணை' என்று மென்மையான பெயர் வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒர்க் பெர்மிட்டில் போனவர் மனைவி மக்களை அழைத்துப்போக முடியாது. அந்த ஆலோசகரெல்லாம் நிரந்தரவாசியின் மகனுக்கு. கட்டுமானத் தளத்தில் நிற்பவரின் மகனுக்கு வெள்ளிக்கிழமை வீடியோ காலும் அதில் விழும் திட்டும்தான்.

ஊர்ப்பக்கம் திரும்பினால், கீழக்கரையைத் தாண்டி, மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா உள்ள ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் வெந்து செத்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்திருக்கிறது. தர்காவிலேயே அரசு மருத்துவர்கள் 'தவா–துவா' என்று துவாவோடு மருந்தும் தருகிறார்கள். ஆனால் "ஏர்வாடிக்குத்தான் கொண்டுபோகணும்" என்ற மிரட்டல் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை ராமநாதபுரத்து மனநல மருத்துவரிடம் எப்படி வாய் திறக்கும்? பெண் பிள்ளை என்றால் "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஊரில் ஆளே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. உம்மாவிடம் சொல்ல முடியாததைக் கேட்டுக்கொள்ளும் காக்காமார்கள், அதாவது அண்ணன்மார்கள், கடற்கரையில் இருக்கிறார்கள். சிங்கப்பூர் அடுக்குமாடியில் அப்படி ஒருவரைக் காசு கொடுத்தாலும் பிடிக்க முடியாது. ஒரே கோளாறு: லுஹர் தொழுகைக்குச் சொன்னது அஸர் தொழுகைக்குள் உம்மா காதுக்குப் போய்விடும். ரகசியம் தங்காத இடத்தில் பிள்ளைக்கு இரண்டாம் முறை பேச்சு வராது.

தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு, தேர்வில் தோற்ற பிள்ளைகளின் தற்கொலையைத் தடுக்க உடனடித் துணைத்தேர்வு வேண்டும் என்று போராடியது. இன்று அந்தத் தேர்வு நடக்கிறது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்கள். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

ஆகவே வாப்பாமாரே, மாமாமாரே, அந்த எண்ணைப் பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்பிவையுங்கள். அனுப்பிய பிறகு, பேசினாயா, என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.